மழை பிடித்துக்கொண்ட கோடையில் என் மாடி ரோஜாக்கள்

கோவையில் மலையடிவாரத்துப் பக்கம் வீடு. மொட்டை மாடியில் நான்கு வருடமாக ரோஜா வளர்க்கிறேன். 2025 ஏப்ரலில் 22 தொட்டி இருந்தது, ஜூலையில் 17. போன ஐந்தில் ஒன்றைக்கூட வெயில் கொல்லவில்லை.

கோடைக்கு வேண்டியதெல்லாம் செய்துதான் வைத்திருந்தேன். தலைக்கு மேல் பச்சை நிழல்வலை, தொட்டி மண் மேல் தேங்காய் நார் மூடாக்கு, டைமர் வைத்த சொட்டுநீர். மே மாதம் பார்த்தால் தினமும் சாயங்காலம் இடியோடு மழை. வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும் பருவமழையும் அந்த வருடம் மே 24-லேயே வந்துவிட்டது. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, மழைதான் இப்படிப் பேயுதே, நீங்க வேற தண்ணி விடறீங்களே?" டைமரை நிறுத்த மறந்தே போயிருந்தேன்.

உடனே நிறுத்தினேன். அதிலும் ஒரு தப்பு. சன்ஷேடுக்கு அடியில் இருந்த தொட்டிகளில் ஒரு சொட்டு மழைகூட விழாது. ஊரே நனைந்துகொண்டிருந்தபோது அங்கே ஒரு செடி தண்ணீர் இல்லாமல் காய்ந்து செத்தது. சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்று செடிகள் வேர் அழுகிப் போனவை. மூன்றும் ஒரே நர்சரியில் வாங்கிய ஒட்டுச் செடிகள். மேலே பச்சையாக இருக்கும்போதே கிளை நுனி கறுத்துக் கீழே இறங்கியது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். என் மண்கலவை பொலபொலவென்று உதிர்ந்தது. நடுவில் மட்டும் கிரிக்கெட் பந்து அளவுக்கு ஒரு களிமண் உருண்டை, வாங்கும்போது வேரைச் சுற்றி இருந்த அதே உருண்டை. கத்தியால் பிளந்தால் சாக்கடை நாற்றம். உள்ளே இருந்த வேரைத் தொட்டதும் தோல் கழன்று கையோடு வந்தது. வெயில் காலத்தில் தண்ணீர் அதற்குள் இறங்காது, மழையில் இறங்கினால் வெளியே வராது. இப்போது ஒட்டுச் செடி வாங்கினால் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் களிமண்ணை முடிந்தவரை கரைத்துவிட்டுத்தான் நடுகிறேன். தொட்டிகளையும் செங்கல் மேல் தூக்கி வைத்தேன். அடியில் தட்டு வைக்கிற பழக்கத்தையே விட்டாயிற்று.

அப்புறம் கரும்புள்ளி. இலையில் ஓரம் பிசிறடித்த கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள், இரண்டு நாளில் உதிர்வு. இந்தப் பூஞ்சைக்கு இலை ஏழு மணி நேரம் போல ஈரமாக இருந்தால் போதும். சாயங்கால மழை இதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது: ஆறு மணிக்கு நனைந்த இலை மறுநாள் எட்டு மணி வெயில் வரும்வரை காய்வதில்லை. என் நிழல்வலை வேறு காற்றையும் வெயிலையும் தடுத்துக்கொண்டிருந்தது. ஜூனில் சாரல் விடாமல் விழுந்தும் நோய் குறைந்தது ஆச்சரியம்தான். மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று இலையை நனைய நனையக் காயவைத்துவிட்டது. வலையைக் கழற்றித் தொட்டிகளை மேற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, ஒன்றரை அடி இடைவெளியில் நகர்த்தினேன். தரையோடு ஒட்டிய இலைகளையும் உதிர்ந்த இலைகளையும் பொறுக்கிக் குப்பையில் போட்டேன், உரக்குழியில் இல்லை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து இருமுறை அடித்தேன். அதைவிட இடம் மாற்றியதுதான் அதிகம் உதவியது என்பது என் கணிப்பு. வேப்பெண்ணெய் பூச்சிக்குச் சரி, இதற்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

ஒரு நல்லதும் நடந்தது. வறண்ட வெயிலில் பெருகி எல்லாக் கோடையிலும் என்னைப் படுத்தும் செஞ்சிலந்திப் பூச்சி அந்த வருடம் தலைகாட்டவே இல்லை.

பூ விஷயத்தில் ஒட்டு ரகச் சிவப்பு ரோஜாக்கள் ஏமாற்றின. பெரிய மொட்டு, வெளியிதழ் நனைந்து பழுப்பு அட்டை போல ஒட்டிக்கொள்ளும், விரியாமல் அப்படியே அழுகும். அம்மா அந்த ஒட்டிய இதழை மட்டும் நகத்தால் உரித்துவிடுவார். முற்றிப்போகாத மொட்டாக இருந்தால் அடுத்த நாள் உள்ளே இருப்பது விரிந்துவிடும். பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் இந்த மழையைச் சட்டை செய்யவே இல்லை. சாமிக்குப் பூ ஒருநாளும் குறையவில்லை.

ஐந்தாவது செடியின் கதை வேறு. நுனி கருகி, கிளை கருகி, மொட்டைக் குச்சியாக நின்றது. ஜூன் நடுவில் அடியிலிருந்து ஒரு தளிர் கிளம்பி வாரத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது. பிழைத்துவிட்டது என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் இலையை எண்ணிப் பார்த்தேன்: காம்புக்கு ஏழு. மற்றக் கிளைகளில் ஐந்துதான் இருந்தது. ஒட்டுக்குக் கீழே பார்த்தால், வந்திருப்பது நான் வாங்கிய ரகம் இல்லை, அதை ஒட்டுவதற்கு வேராக வைத்திருந்த காட்டு ரோஜா. பிடுங்கப் போனேன், அம்மா விடவில்லை. இன்றுவரை ஒரு பூ பூக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருக்கிறது.