அப்பச்சியோட ஐமேக்ஸ் போயிட்டு வந்தேன், 400 கிலோமீட்டர் போற அளவுக்கு வொர்த்தா?

ஒரு படம் பாக்க காரைக்குடில இருந்து மெட்ராஸ் வரைக்கும் போவியாடான்னு கேட்ட அத்தனை பேருக்கும் இதுதான் பதில். போவேன். ஆனா எல்லாப் படத்துக்கும் போக மாட்டேன், கிடைச்ச சீட்டுல உக்காரவும் மாட்டேன்.

கூட வந்தது எங்க அப்பச்சி, வயசு 68. 1986ல தமிழ்ல மொத 70 எம்எம் படம் வந்தப்ப மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ப் பாத்த ஆளு. அதுலருந்து எந்த தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனாலும் "இதெல்லாம் ஒரு ஸ்க்ரீனாடா"ன்னு ஒரு வார்த்தை கண்டிப்பா விழும். மதுரை தங்கம் தியேட்டர் பேச்சை எடுத்தா முடிக்கவே மாட்டாரு, 1952ல தொடங்குனது, 2500 பேருக்கு மேல உக்காரலாம், ஆசியாவுலயே பெருசுன்னு சொல்லுவாங்க, அப்டி இப்டின்னு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், அவ்ளோ பெரிய ஹால்ல கடைசி வரிசைல உக்காந்தா திரை எவ்ளோ பெருசாத் தெரியும்? பேச்ச மாத்திட்டாரு.

பெரிய தியேட்டர் வேற, பெரிய ஸ்க்ரீன் வேற. இது புரியாமத்தான் பாதிப் பேரு "ஐமேக்ஸ்னா என்னப்பா, கொஞ்சம் அகலமான திரை, அதுக்குப் போய் இவ்ளோ காசா"ங்கறாங்க. அங்க திரை பெருசா இருக்கறது பாதி விஷயம், திரைக்கும் நமக்கும் நடுவுல இருக்க தூரத்தக் கொறச்சு வச்சிருக்கறது மீதி. வரிசைங்கள செங்குத்தா அடுக்கி எல்லாரையும் முன்னாடி தள்ளி உக்கார வச்சிருப்பாங்க, திரையும் லேசா நம்ம பக்கம் வளைஞ்சிருக்கும். முன்னாடி இருக்கவன் தலை மறைக்காது, அதை விட முக்கியம், திரையோட ஓரம் எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தட்டாது.

பக்கத்துல இருக்க மதுரைலயும் திருச்சிலயும் நல்ல மல்டிபிளெக்ஸ் இருக்கு, ஆனா ஐமேக்ஸ்னா நமக்கு சென்னை இல்லன்னா கோயம்புத்தூர்தான். (இதுல ஒரு வயித்தெரிச்சல் உண்டு. ஏவிஎம் ஸ்டூடியோ மொதல்ல இங்க தேவகோட்டை ரஸ்தாலதான் இருந்துச்சு, 1947ல வந்த 'நாம் இருவர்' அங்க எடுத்ததுதான், அப்பறந்தான் கோடம்பாக்கம் போனாங்க. படம் எடுத்த ஊர்க்காரன் இப்ப படம் பாக்க ரயில் ஏறணும்.) விடியக்காலை பல்லவன் எக்ஸ்பிரஸ்ல கெளம்பி மத்தியானம் எக்மோர், அயித்தை வீட்ல சாப்பாடு, ஒரு தூக்கம், சாயங்காலம் ஷோ. தியேட்டர் பேரு வேணாம், கொறையும் சொல்லப்போறேன்ல.

படம் இங்கிலீஷ் படம், பனிமலையும் விமானமுமா ஓடுச்சு. ஆரம்பத்துல மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை இருந்துச்சு, வழக்கமான ஸ்கோப் (அகலத் திரை) படம் மாதிரி. அப்பச்சி என்னைத் திரும்பிப் பாத்தாரு, "இதுக்காடா"ங்கற பார்வை. ஒரு பத்து நிமிசம் கழிச்சு மலை உச்சிலருந்து கீழ பாக்கற சீன் வந்துச்சு, அப்ப அந்த ரெண்டு பட்டையும் காணாமப் போயி படம் மேலருந்து கீழ வரைக்கும் தொறந்துச்சு பாருங்க, மனுசன் சீட்டுக் கைப்பிடியப் புடிச்சவரு ரொம்ப நேரம் விடவே இல்ல. எங்க வீட்ல சின்ன வயசுல முகப்புல நின்னு பாத்தா வளவு (நடு முத்தம்), ரெண்டாங்கட்டு எல்லாந் தாண்டி பின்வாசல்ல அந்தத் தெரு வெளிச்சம் வரைக்கும் ஒரே நேர்கோட்டுல தெரியும், ஒரு ஆளு அங்க குறுக்க நடந்து போனா விரல் சைசுக்குத் தெரிவான். அதே மாதிரி ஒரு ஆழம். 3டி கண்ணாடி எதுவும் போடாமயே.

இன்டர்வல்ல டீ குடிச்சுக்கிட்டே கேட்டாரு, "திரைக்கு மூலை எங்கடா இருக்கு? தேடிப் பாத்தேன், கெடைக்கல." இதுக்கு மேல ஒரு ரிவ்யூ நான் எழுத முடியாது.

அந்தப் பட்டை ஏன் மறையுதுன்னா, சாதாரண ஸ்கோப் படம் ஒசரத்தப் போல 2.39 மடங்கு அகலம். நம்ம சென்னை, கோவைல இருக்க டிஜிட்டல் ஐமேக்ஸ் திரை 1.90 மடங்குதான், அதாவது ஒசரம் ஜாஸ்தி. அந்தத் திரைக்குன்னே எடுத்த சீன் வந்தா, சாதா தியேட்டர்ல வெட்டிக் காட்டற படத்த விட ஒரு 26 சதவீதம் கூடுதலாத் தெரியும். ஃபிலிம்ல ஓடின ஒரிஜினல் ஐமேக்ஸ் இன்னும் ஒசரம், 1.43. 1970ல ஜப்பான்ல ஒசாகா கண்காட்சிலதான் மொத மொதல்ல காட்டினாங்க. அப்பச்சியோட 70 எம்எம்முக்கும் இதுக்கும் ஃபிலிம் அகலம் ஒண்ணுதான், ஆனா இதுல ஃபிலிமப் படுக்க வச்சு ஓட்டுவாங்க, ஃபிலிம் ஓரத்துல ஒரு ஃப்ரேமுக்கு 15 துளை, அவரு பாத்ததுக்கு 5 துளை, அதாவது இதுல ஒவ்வொரு ஃப்ரேமும் ரொம்பப் பெருசு. இத ரயில்ல வெளக்கிச் சொன்னேன், கொஞ்சம் ரோசம் வந்துருச்சு அவருக்கு.

வெளிச்சம் இன்னொண்ணு. இது லேசர் ப்ரொஜெக்டர். இருட்டு சீன்ல கறுப்பு கறுப்பாவே இருந்துச்சு, சாம்பல் கலர்ல வெளுத்துப் போகல. சாதா தியேட்டர்கள்ல செனான் பல்பு பழசாக ஆக மங்கிக்கிட்டே போகும், மாத்த வேண்டிய நேரத்துல மாத்தலைன்னா ராத்திரி சீன்ல ஹீரோ யாரு வில்லன் யாருன்னே தெரியாது, நம்ம பக்கம் அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். சவுண்டும் அப்படித்தான். திரைல பொடிப் பொடித் துளை போட்டிருக்கும், ஸ்பீக்கர் அதுக்குப் பின்னாடி, அதனால பேச்சு பேசறவன் வாய்லருந்தே வருது. ஆனா அடி விழற சீன்ல கொஞ்சம் ஓவர். காது நோவு இருக்கவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்க யோசிச்சுப் போங்க.

இப்ப கொறை. மொதக் கொறை படி. வரிசை செங்குத்துன்னு பெருமையா சொன்னேன்ல, மூட்டுவலிக்காரங்களுக்கு அதேதான் தண்டனை. வாசல் கீழ, எங்க சீட்டு மேல, நடுவுல புடிச்சுக்கக் கம்பி கூட இல்ல. இருட்டுல அப்பச்சி என் தோளப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறினாரு, பின்னாடி வந்தவன் ஒருத்தன் "அங்கிள் சீக்கிரம்"ங்கறான். இவ்ளோ செலவு பண்ணிக் கட்டறவங்களுக்கு ஒரு கம்பி வைக்க முடியாதா?

ரெண்டாவது தேன்குழல். அப்பத்தா டப்பால போட்டுக் குடுத்து விட்டாங்க, செக்யூரிட்டி வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாரு. வெளித் தின்பண்டம் கூடாதாம். சரி, ரூல் ரூல்தான், ஆனா படம் முடிஞ்சு கேட்டா டப்பா மட்டும் இருக்கு. நல்லா இருந்துச்சான்னு கேட்டுட்டு வந்திருக்கணும், வாய் வரல.

செலவு? ரயில், ஆட்டோ, டிக்கெட், அந்தக் கொள்ளை வெலைப் பாப்கார்ன் எல்லாஞ் சேத்து ரெண்டு பேருக்கு ஐயாயிரத்தத் தொட்டுருச்சு. தங்கறதுக்கு அயித்தை வீடு இல்லன்னா இன்னும் ஏறும். அதனால போறதுக்கு முன்னாடி அந்தப் படத்துல ஐமேக்ஸ் ஒசரத்துக்கு எடுத்த சீன் இருக்கான்னு தேடிப் பாத்துட்டு போங்க. ஐமேக்ஸ்ல ரிலீஸ்னு போட்டிருந்தாலும் நெறைய படம் முழுக்க ஸ்கோப்லயே ஓடும், பட்டையோட பாத்துட்டு வர வேண்டியதுதான். நாலு பேரு வீட்டுக்குள்ளயே பேசிக்கிட்டிருக்கற படத்துக்கு நம்மூரு தியேட்டரே தாராளம். 3டி ஷோவும் எனக்கு வேணாம், கண்ணாடி போட்டா வெளிச்சம் பாதிக்கு மேல போயிரும், அவ்ளோ காசு குடுத்து கூலிங் கிளாஸ் போட்டுப் பாத்த மாதிரி இருக்கும்.

சீட்டுன்னா நடுவரிசைக்குக் கொஞ்சம் பின்னாடி, நடு மத்தி. அது கெடைக்கலன்னா அடுத்த நாளைக்குத் தள்ளிப் போடுங்க. மொத நாலு வரிசைய ஓசிக்குக் குடுத்தாலும் வேணாம், கழுத்துக்குத் தைலம் தேய்க்கணும்.

ஐமேக்ஸ் மட்டுந்தான் பெரிய ஸ்க்ரீன்னு இல்ல. பிவிஆர்ல பிஎக்ஸ்எல், ஐநாக்ஸ்ல பிக்பிக்ஸ்னு அவங்கவங்க ஒரு பேரு வச்சிருக்காங்க. நம்ம சென்னைக் கம்பெனி க்யூபோட எபிக் ஒண்ணு இருக்கு, ஆந்திரா பார்டர் தாண்டி சூலூர்பேட்டைல 2019ல தொறந்தாங்க, திரை அகலம் 100 அடிக்கு மேல. அத இன்னும் பாக்கல, அப்பச்சிகிட்டயும் சொல்லல, சொன்னா நாளைக்கே கெளம்பிருவாரு.

மறுநாள் பல்லவன்ல திரும்பறப்ப விருத்தாசலம் வரைக்கும் பேசவே இல்ல, தூங்கிட்டாருன்னு நெனச்சேன். திடீர்னு, "கோயம்புத்தூர்லயும் இருக்குன்னியே, அங்க படி எப்டி?"ன்னாரு. கோவை ஐமேக்ஸ் போனவங்க யாராச்சும் இருந்தா அத மட்டும் சொல்லுங்க, கம்பி இருக்கா இல்லயா?