கோழி எலும்பு வீடியோவை நம்பி 4,680 வெள்ளி போச்சு

கோபத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. மலேசியாவுல, பினாங்குல சின்னதா ஒரு பிராணி கிளினிக் நடத்துறேன். முதுகெலும்பு ஆபரேஷனுக்குன்னு, எல்லாரும் பொருள் வாங்குற ஒரு இணையச் சந்தையில, மருத்துவக் கருவி விக்கிற கடையில மூணு கெரிசனும் டிஸ்க்கைக் கிள்ளி எடுக்கிற ஒரு டிஸ்க் ரோஞ்சரும் வாங்கினேன். 4,680 வெள்ளி (ரிங்கிட்).

கெரிசன்னா துப்பாக்கி மாதிரி பிடி, நீளத் தண்டு, நுனியில மெல்லிசா ஒரு பாதம். பாதத்தை எலும்புக்கு அடியில நுழைச்சு, 2 மி.மீ., 3 மி.மீ.ன்னு கடிச்சு எடுக்கணும். அதுக்குக் கீழேயே தண்டுவடத்தோட உறை. முனை மழுங்கியிருந்தா வெட்டாது, பிய்க்கும். உறை கிழிஞ்சா தண்டுவட நீர் கசியும். நீள உடம்பு, குட்டைக் கால் டாக்ஸ்ஹண்ட் நாய்ங்க, முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் பிதுங்கி, பின்னங்கால் இழுத்துக்கிட்டு வரும்போது இதை நம்பித்தான் முதுகைத் திறக்கிறோம்.

கடைக்காரன் நம்ம தமிழ்ப் பையன். "நம்மாளுக்குப் போய் மட்டமானதைக் குடுப்பேனா அக்கா?" வீடியோ கால்ல ஒரு கோழிக்கால் எலும்பை எடுத்து டக்குனு கடிச்சுக் காட்டினான். அங்கதான் விழுந்தேன். பதினைஞ்சு வருஷமா எலும்போட மல்லுக்கட்டுறவ நான்! கோழி எலும்பை எங்கம்மா பல்லாலயே உடைப்பாங்க.

அரசாங்கத்துல பதிஞ்ச கருவிதானான்னு பார்க்க பதிவு எண் கேட்டேன். "மிருகத்துக்குத்தானே, பதிவெல்லாம் எதுக்கு லா"ன்னான். 2012-ஆம் வருஷத்து மருத்துவக் கருவிச் சட்டம் மனுஷங்களுக்கான கருவியைத்தான் பார்க்குது, அது நிஜம். அதனால வாயை மூடிக்கிட்டேன். "சந்தைக்கு எதுக்குக்கா கமிஷன், நேரா பேங்க்ல போடுங்க, 200 வெள்ளி குறைக்கிறேன்." அந்த 200-க்கு ஆசைப்பட்டு 4,680-ஐப் போட்டேன்.

பொருள் வந்துச்சு. தண்டுல 'ஜெர்மனி'ன்னு அழகா செதுக்கியிருந்துச்சு. நீராவியில கிருமி நீக்குற ஆட்டோகிளேவ்ல 134 டிகிரியில ஒரே ஒரு தடவைதான் வெச்சேன், மூட்டெல்லாம் ஆரஞ்சுத் துரு. அதே தட்டுல இருந்த என் பழைய கெரிசன் பளபளன்னு வந்துச்சு. புதுசை மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா, பாதத்துக்கும் தண்டுக்கும் நடுவுல கோடு மாதிரி வெளிச்சம். இன்டெக்ஸ் கார்டை, அதான் குறிப்பு எழுதுற கெட்டி அட்டையை, கடிக்க விட்டேன். ஓட்டை விழல, அட்டை மடங்கி உள்ள சிக்கிக்கிச்சு. அதை இழுத்து எடுக்கும்போது வயிறு கலங்கிடுச்சு. நல்லவேளை, எந்த நாய் மேலயும் வைக்கல.

கூப்பிட்டேன். "உங்க தண்ணி சரியில்லக்கா." அப்புறம், "சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அடுத்த வாரம், "மூணு நாளுக்குள்ள சொல்லியிருக்கணுமே." இப்ப நீல டிக் மட்டும் வருது. சந்தைக்காரங்ககிட்ட போனா, பணம் எங்க வழியா வரல, ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ரெண்டு வரி. பயனீட்டாளர் தீர்ப்பாயம்? வீட்டு உபயோகத்துக்கு வாங்கினாத்தானாம், தொழிலுக்கு வாங்கினதை எடுக்க மாட்டாங்க. மாஜிஸ்திரேட் கோர்ட்ல 5,000 வெள்ளி வரைக்கும் வக்கீல் இல்லாம சின்ன வழக்கு போடலாம். 4,680-க்கு அதுதான் மிச்சம். முகவரி இல்லாதவனுக்கு சம்மன் எங்க அனுப்புறது?

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், வெளியே கூண்டோட ஆள் காத்திருக்காங்க. சந்தைக்கு வெளியே காசு போடாதீங்க. போடுறதுக்கு முன்னாடி கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்கான்னு காட்டுற போலீஸோட செமாக் மியூல் தளத்துல தட்டிப் பாருங்க. கோழி எலும்பு வேணாம், இன்டெக்ஸ் கார்டைக் கடிச்சுக் காட்டச் சொல்லுங்க. நேத்து ராத்திரி பார்த்தேன், அதே வீடியோ, வேற கடைப் பேர்ல, 50 வெள்ளி குறைச்சுப் போட்டிருக்கான்.