அனதர் ரவுண்ட்: நின்றுபோன பாட்காஸ்டை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 2017-இல் நின்றுபோன நிகழ்ச்சி. நான் கேட்க ஆரம்பித்தது 2016 குளிர்காலத்தில். நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு மணி நேரப் பேச்சு கச்சிதமான அளவு. எபிசோடுகள் தீர்ந்ததும் முதலிலிருந்து திரும்பக் கேட்டேன். இப்போதும் அதே கதைதான்.

ஹெபன் நிகாட்டு, ட்ரேசி கிளேட்டன் என்று இரண்டு கறுப்பினத் தோழிகள். 2015 மார்ச்சில் பஸ்ஃபீட் என்ற அமெரிக்க இணைய ஊடக நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கினார்கள். கையில் மதுக்கோப்பையோடுதான் பேச்சு. ‘இன்னொரு சுற்று’ என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. இனம், பெண்கள், தொலைக்காட்சி, அரசியல் என்று போய்க்கொண்டிருக்கும் பேச்சு சட்டென்று அணிலுக்கும் மாம்பழத்துக்கும் தாவும். மாம்பழம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது உண்மை. ட்ரேசியின் கடி ஜோக்குகளுக்கென்று தனி நேரம் வேறு.

முதல் இரண்டு மாதம் சிரமப்பட்டேன். பேச்சில் வருகிறவர்களில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்றும் புரியாது. அவர்களும் நின்று விளக்குவதில்லை. எரிச்சலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: அவர்கள் பேசுவது தங்களைப் போன்ற பெண்களோடு, நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறவள். அதற்கு முன்பு கறுப்பினப் பெண்களை நான் அதிகம் பார்த்தது செய்திகளில், யாராவது இறந்த பிறகு. டெக்சாஸில் போலீஸ் மறித்த காரிலிருந்து கைது செய்யப்பட்டு, மூன்று நாளில் சிறை அறையில் இறந்து கிடந்த சாண்ட்ரா பிளாண்டைப் பற்றித் தெரிந்துகொண்டதும் அப்படித்தான். 28 வயது. 2015 ஜூலை. அதே ஆண்டில் இவர்கள் இருவரும் ஒலிவாங்கி முன்னால் அலுத்துக்கொண்டார்கள், ஒருவரையொருவர் கேலி செய்தார்கள், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பழகிய பிறகு, செய்திகளில் வரும் முகங்களைப் பார்க்கும்போதும் இவர்களுக்கும் இப்படியொரு தோழி இருந்திருப்பாளே என்று தோன்றத் தொடங்கியது.

தலைமுடி விஷயமும் அப்படித்தான். ஒருநாள் ஷாம்பூ வாங்கக் கடைக்குப் போனேன். என் ஷாம்பூ திறந்த அலமாரியில் இருந்தது. இரண்டடி தள்ளி, கறுப்பினப் பெண்கள் வாங்கும் சுருள்முடிக்கான எண்ணெயும் க்ரீமும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பூட்டுப் போட்டு. ஒரு பெண் மணியை அழுத்திவிட்டு, சாவியோடு ஆள் வருவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எத்தனையோ முறை நடந்த வரிசை அது; பூட்டு அன்றுதான் கண்ணில் பட்டது. வால்மார்ட் இந்தப் பழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது 2020 ஜூனில்தான். இயற்கையான சுருள்முடியையும் பின்னலையும் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ யாரையும் ஒதுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா முதல் மாநிலமாகச் சட்டம் போட்டதே 2019-இல். முடிக்கு ஒரு சட்டம்!

2015 அக்டோபரில் வந்த ஹிலரி கிளின்டன் எபிசோடை நான்கு முறையாவது கேட்டிருப்பேன். அதிபர் தேர்தல் வேட்பாளரிடம், வியர்க்காமல் இருக்க என்ன பூசிக்கொள்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதே மூச்சில் அவருடைய கணவர் பில் கிளின்டன் அதிபராக இருந்து 1994-இல் கையெழுத்திட்ட, கறுப்பினத்தவரைப் பெருமளவில் சிறைக்கு அனுப்பியதாக விமர்சிக்கப்படும் குற்றத்தடுப்புச் சட்டத்துக்கு வருகிறார்கள். கறுப்பின மக்கள் இன்றிருக்கும் நிலையைப் பார்த்து, நாம் இவர்களைச் சீரழித்துவிட்டோமே என்று எப்போதாவது நினைத்ததுண்டா என்று ஹெபன் கேட்கும் இடம் எனக்கு இன்றும் சிலிர்க்கும். கேட்டது ஒரே ஒரு வாக்கியம். கிளின்டன் பழகிய அரசியல்வாதி, வழுக்கிக்கொண்டு போகிறார். முதல் முறை கேட்டபோது பதில்தான் முக்கியமாகப் பட்டது. இப்போது அந்தக் கேள்விக்காகவே கேட்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தால் ரயில் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடாது. 2015-இன் இணைய வேடிக்கைகள் இன்று ஊசிப்போனவை. அவற்றைத் தாராளமாகத் தள்ளிவிட்டுப் போகிறேன். குடியைச் சுற்றிய வேடிக்கையும் தொடர்ந்து கேட்டால் சலிக்கிறது.

சலிக்காத ஒன்று, விடைபெறும்போது வரும் நினைவூட்டல்: தண்ணீர் குடியுங்கள், மருந்தைச் சாப்பிடுங்கள், உங்களுக்கு வேண்டியவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தன் மனப்பதற்றத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசும் ட்ரேசியின் வாயிலிருந்து வருவதால் அது உபதேசமாகத் தோன்றுவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு முறை அந்தக் குரலைக் கேட்டுத்தான் நினைவு வந்து விழுங்கியிருக்கிறேன், ஓடும் ரயிலில், தண்ணீர் இல்லாமல்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் கிளின்டன் எபிசோடில் தொடங்க வேண்டாம். விருந்தினர் பேட்டிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அணில் புராணம் வரும் எபிசோடாகப் பார்த்து முதலில் போடுங்கள்.