“புது சிஸ்டம்” என்று விற்ற பழைய கோட்: பில்லிங் சொப்ட்வெயார் வாங்குவோர் கவனத்துக்கு

கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் நெல் கொள்வனவும் உர வியாபாரமும் செய்யும் ஒரு கடைக்கு நடந்தது இது. மூட்டைக் கணக்கு, விவசாயிகளின் கடன், பில் மூன்றையும் ஒன்றாக வைக்க, ஒரு சொப்ட்வெயார் நிறுவனம் பிஎச்பி என்ற புரோகிராம் மொழியிலும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸிலும் ஒரு சிஸ்டம் செய்து கொடுத்து முழுக் காசையும் வாங்கிவிட்டது. ஹோஸ்டிங்கில் (சிஸ்டம் ஓடும் வாடகைச் சேர்வரில்) பிஎச்பியைப் பதிப்பு 8க்கு ஏற்றியதும் திரை வெறும் வெள்ளை. வேளாண்மை வெட்டு நேரம், வாசலில் லொறி நிற்கிறது. போன் எடுத்தால், “அது ஹோஸ்டிங்காரண்ட பிழை அண்ணன், எங்கட சிஸ்டத்தில ஒண்டும் இல்ல” என்று பதில். பிறகு “அப்கிரேட்” என்று இன்னொரு பில் வந்தது.

ஹோஸ்டிங்கில் ஒரு பிழையும் இல்லை. கோட் முழுக்க மைஎஸ்கியூஎல்_கனெக்ட், மைஎஸ்கியூஎல்_குவெரி என்று டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்கள் (தயாராக உள்ள கட்டளைகள்). 2013இல் வந்த பிஎச்பி 5.5 அவற்றைக் கைவிடச் சொன்னது. 2015 டிசம்பரில் வந்த 7.0 அவற்றை அடியோடு நீக்கியது. கடைசியாக அவற்றை ஏற்ற 5.6க்கும் 2018 முடிவோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆக, பழைய புரோகிராமுக்குப் புது வண்ணமும் புது மெனுவும் பூசிப் புதிதென்று விற்றிருக்கிறார்கள்.

அந்த “அப்கிரேட்” இன்னும் மோசம். அதே பழைய பெயரில் ஃபங்ஷன்களைத் தாங்களே எழுதி, உள்ளே அவற்றுக்கு மாற்றான மைஎஸ்கியூஎல்ஐயைக் கூப்பிடும் ஒரு கோப்பை மட்டும் சேர்த்திருந்தார்கள். பக்கம் திறக்கிறது, சரிதான். ஆனால் பயனர் தட்டிய பெயரைக் குவெரிக்குள், அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைக்குள், நேரே ஒட்டும் பழக்கம் அப்படியே இருக்கிறது. டி’சில்வா என்று ஒற்றை மேற்கோள் குறியோடு ஒரு பெயர் போட்டால் குவெரி உடைகிறது. அது உடைகிற இடம்தான் வெளியாள் உள்ளே புகும் இடமும். குவெரியை இடம் விட்டு முன்கூட்டியே தயாரித்து (பிரிப்பேர்), பெறுமதியைத் தனியாகச் சேர்ப்பதுதான் (பைன்ட்) திருத்தம். மேற்கோள் குறியைச் செயலிழக்க வைக்கும் எஸ்கேப் ஃபங்ஷன் ஒன்றைப் போட்டுவிட்டோம் என்று சொன்னால் ஏற்காதீர்கள். அது இணைப்பின் எழுத்துத் தொகுப்பை (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணையை) நம்பி வேலை செய்வது. அந்தத் தொகுப்பை லைப்ரரியின் (டேட்டாபேஸோடு இணைக்கும் பொதியின்) செட் சார்செட் வழியாகச் சொல்லாமல் ‘செட் நேம்ஸ்’ என்ற குவெரியால் மாற்றினால், சேர்வருக்குத் தெரியும், லைப்ரரிக்குத் தெரியாது, ஆகவே எஸ்கேப் தவறலாம்.

தமிழ் கெட்டதும் இதே இடத்தில்தான். அப்கிரேட்டுக்குப் பிறகு விவசாயிகளின் பெயர்கள் தலையில் குறி வைத்த ஆங்கில எழுத்துகளாக வந்தன. “ஃபொன்ட் பிரச்சினை” என்றார்கள். ஃபொன்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய இணைப்பும் டேபிளும் இரண்டுமே லத்தீன்1, ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய தொகுப்பு. ஆகவே தமிழை எழுதும் யூடிஎஃப்8 என்ற குறியாக்கத்தின் பைட்டுகள் மாறாமல் உள்ளே போய் மாறாமல் வெளியே வந்தன, பிழை தெரியவில்லை. புது இணைப்பு யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லின் முழு யூடிஎஃப்8) ஆனதும் வேஷம் கலைந்தது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (எழுத்தும், அதோடு வரும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி) மூன்று பைட். லத்தீன்1இல் 30 என்று வைத்த பெயர்ப் பத்தியில் (கொலம்) பத்துக் குறியீடுதான் கொள்ளும். கணபதிப்பிள்ளைக்குப் பதின்மூன்று வேண்டும். நீளம் மீறினால் மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடையும் அணைத்து வைத்திருந்ததால் திரையில் எந்தப் பிழையும் காட்டாமல் “கணபதிப்பிள” என்று வெட்டுப்பட்டுக் கிடந்தது. அப்படி வெட்டுப்பட்டது இனித் திரும்பாது.

உங்கள் டேபிளிலும் சந்தேகம் இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு ஹெக்ஸ் ஃபங்ஷனால் (பைட்டுகளைப் பதினாறடி எண்ணில் காட்டுவது) ஒரு பெயரின் பைட்டுகளைப் பாருங்கள். ‘க’வைப் பதின்ம எண்ணில் எழுதினால் 224, 174, 149 என்று வரவேண்டும். லத்தீன்1 டேபிளில் இப்படி இருந்தால் காப்பாற்றலாம்: பத்தியை முதலில் வார்பைனரி (வெறும் பைட்) ஆக்கி, அதன்பின் யூடிஎஃப்8எம்பி4 வார்சார் (எழுத்து) ஆக்குங்கள். ‘கன்வர்ட் டு’ என்று ஒரேயடியாக மாற்றினால் இரட்டைக் குறியாக்கம் ஆகிவிடும், அப்போது 195, 160 என்று தொடங்கும். அதையும் பின்னோக்கி அவிழ்க்கலாம், வேலைதான் கூட. 63, 63 என்று வந்தால் அது நிஜமான கேள்விக்குறி. பேக்கப் அல்லது கடன் கொப்பியிலிருந்து திரும்பத் தட்டுவதைத் தவிர வழியில்லை. யூடிஎஃப்8 என்று மட்டும் எழுதித் தருபவர்களும் உண்டு. மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழுக்குப் போதும், ஆனால் குறிப்பில் யாராவது இமோஜி போட்டால் அங்கே சிக்கும்.

பணம் நேரடியாகப் போன இடம் வேறு. ஒரு பில்லுக்கு நான்கு எழுத்து வேலை: தலைப்பு, வரிகள், இருப்பு, கடன். நான்கும் உலாவியிலிருந்து தனித்தனியாகப் போயின. நடுவில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தால் இருப்புக் குறைந்திருக்கும், கடன் ஏறியிராது. நான்கையும் ஒரே கோரிக்கையில் அனுப்பி, ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (நடந்தால் எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை) வைக்கவேண்டும். டேபிளின் வகை இதற்கு இடம் தரும் இன்னோடிபியா என்றும் பாருங்கள். மைஐசாம் வகை டேபிளில் ரோல்பேக் (செய்ததைத் திரும்ப எடு) சொன்னாலும் ஏற்கெனவே எழுதியது எழுதியதுதான்.

எதைக் கேட்பது? பிஎச்பி என்றால், பல டேட்டாபேஸ்களோடு பேசும் பிடிஓ லைப்ரரியைக் கேளுங்கள். மைஎஸ்கியூஎல்ஐயும் தவறில்லை, ஆனால் நாளைக்குப் போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாற நினைத்தால் அது வராது. பிடிஓவில் சார்செட்டை (எழுத்துத் தொகுப்பை) இணைப்பு வரியிலேயே எழுதவேண்டும். பிஎச்பி 8.0க்கு முன் பிடிஓ பிழையை மௌனமாக விழுங்கும், ஆகவே பிழையை உரக்கச் சொல்லும் எக்ஸெப்ஷன் முறையை வெளிப்படையாகப் போடச் சொல்லுங்கள். மைஎஸ்கியூஎல்லோடு அது பிரிப்பேரை இயல்பாகத் தானே போலியாகச் செய்யும், அதை அணைப்பது நல்லது. அணைக்காமல், எத்தனை வரி வேண்டும் என்ற லிமிட் எண்ணை எக்ஸிகியூட் (குவெரியை ஓட்டும்) பட்டியலில் கொடுத்தால் அது மேற்கோளுக்குள் போய் சின்டாக்ஸ் பிழை வரும். டேபிள் பெயரையும் வரிசைப்படுத்தும் பத்தியின் பெயரையும் பைன்ட் செய்யவே முடியாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் விடவேண்டும்.

பைதன் மொழி என்றால் மைஎஸ்கியூஎல்-பைதன் என்ற பழைய பொதியைத் தந்தால் திருப்பி அனுப்புங்கள், அது பைதன் 3இல் ஓடாது. அதன் வழிவந்தது மைஎஸ்கியூஎல்கிளையன்ட், வேகமானது, ஆனால் நிறுவச் சில இடங்களில் சி கம்பைலர் (கோட்டை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) தேவைப்படும். மலிவான ஹோஸ்டிங்கில் பைமைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு பொதி சுலபமாக ஏறும். இரண்டிலும் விழுக்காட்டுக் குறியோடு எஸ் போட்டு இடம் விடுவார்கள். பெறுமதியைக் காற்புள்ளிக்குப் பின் தனியாகக் கொடுத்தால் அது பைன்ட். விழுக்காட்டுக் குறியாலோ எஃப்-ஸ்ட்ரிங்காலோ (வரிக்குள் பெறுமதியை ஒட்டும் பைதன் முறை) சேர்த்தால் பழைய ஒட்டல்தான். மாற்றத்தை நிரந்தரமாக்கும் கொமிட்டை எழுத மறந்தால், சேமித்த பில் அந்தத் திரையில் தெரியும், மறுபடி திறந்தால் இருக்காது.

காசு கட்டுமுன் சோர்ஸ் கோப்புகள் முழுவதையும், மூடிக் குறியாக்கம் செய்யாமல், வாங்குங்கள். கோப்புகளில் ‘மைஎஸ்கியூஎல்_’ என்று அடிக்கோடோடு தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் பழையது அல்லது மேலே சொன்ன ஒட்டு. எல்லாப் பெயர்ப் பெட்டிகளிலும் ஒற்றை மேற்கோள் குறி போட்டுப் பாருங்கள், சோதனைப் பிரதியில் மட்டும். டேபிள்களுக்கு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால் இணைகிறார்களா என்றும் பாருங்கள், அது கூடாது. மைஎஸ்கியூஎல் 8க்கு மாற்றும்போது உள்நுழைவுப் பிழை வந்து, பழைய நேட்டிவ் பாஸ்வேர்ட் முறைக்குப் பயனரை மாற்றித் தந்தால் அது தற்காலிகம்தான். 8.4இல் அது இயல்பாக அணைந்திருக்கும், 9.0இல் அது இல்லவே இல்லை.

ஒப்பந்தத்தில் பிஎச்பி அல்லது பைதன் பதிப்பு, லைப்ரரியின் பெயர், டேட்டாபேஸ் பதிப்பு, கடவுச்சொற்கள் யாரிடம் என்பவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கடைசித் தவணையை, உங்கள் சொந்த ஹோஸ்டிங் கணக்கில் ஒரு பேக்கப்பை மீட்டெடுத்து, தமிழ்ப் பெயரோடு ஒரு பில் வெட்டிக் காட்டிய பிறகு கொடுங்கள்.