நிழல் இல்லாத முகம்: கிரீனிச்சில் ஒரு நாள் எலிசபெத் கால மேக்கப் வகுப்பு

அக்கா மகள் லண்டனில் ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படிக்கிறாள். இறுதிக் காட்சிக்காக 6 உடைகள் தைத்திருக்கிறாள். முதலாம் எலிசபெத் ராணி காலத்து மடிப்புக் கழுத்துப்பட்டையையும் புடைத்த கைகளையும் எடுத்து, இன்றைக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி மாற்றியவை. முகம் என் பொறுப்பு. "சித்தி, பார்த்ததும் எந்தக் காலம்னு தெரியணும். ஆனா யார் மூஞ்சியிலயும் வெள்ளை அடிக்கக் கூடாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய மாடல்கள் 6 பேரில் 4 பேர் எங்களைப் போலக் கறுப்பும் மாநிறமும்.

கல்யாணப் பெண்களுக்கு 11 வருடமாக மேக்கப் போடுகிறேன். இருந்தாலும், வெள்ளை பூசிய முகத்துக்கே பேர்போன எலிசபெத் ராணியின் முகம் வெள்ளை இல்லாமல் எப்படி வரும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதற்காகத்தான் லண்டனின் கிரீனிச் பகுதியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் நடக்கும் ஒரு நாள் வகுப்பில் சேர்ந்தேன். 165 பவுண்ட், காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை, மொத்தம் 6 மாணவர்கள். நாடக மேடைகளுக்கு வேலை செய்து பழகிய ஒரு பெண்மணி நடத்துகிறார்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். ஆனால் கறுப்பு நிறத் தோல் உள்ளவர்கள் தங்கள் ஃபவுண்டேஷனைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் பிரஷ்ஷைத் தொடவே விடவில்லை. பக்கத்தில் இருக்கும் குவீன்ஸ் ஹவுஸ் என்ற ஓவியக்கூடத்துக்கு எங்களை நடத்திக் கூட்டிப்போனார். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. 1588இல் ஆர்மடா என்ற ஸ்பெயின் கப்பற்படை தோற்றதைக் கொண்டாடும், எலிசபெத் ராணியின் ஆர்மடா ஓவியம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஓவியத்துக்கு இன்றைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. கிரீனிச்சில் இருப்பதை 2016இல் பொதுமக்களின் நன்கொடையும் சேர்த்து வாங்கினார்கள். ராணி பிறந்த அரண்மனை இருந்ததும் இதே கிரீனிச்சில்தான் என்பதால், அந்த அறையில் நிற்கும்போது மனதுக்குள் ஏதோ செய்கிறது.

ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த முகத்தில் நிழல் எங்கே இருக்கிறது?"

ஆறு பேரும் தேடினோம். கன்னத்துக்குக் கீழே, தாடையோரம், நெற்றியின் ஓரம், எங்கேயும் அழுத்தமான நிழல் இல்லை. ஆர்மடா வந்த வருடம் ராணிக்கு 55 வயது ஆகிறது. அந்த வயதில் முகத்தில் இருக்க வேண்டிய பள்ளம் மேடு எதுவும் தெரியாமல், விளக்கு ஏற்றிய மாதிரி ஒரே சீராக இருக்கிறது. அப்புறம்தான் நிக்கோலஸ் ஹில்லியார்டைப் பற்றிச் சொன்னார். ராணியை உள்ளங்கை அளவுச் சிற்றோவியங்களில் வரைந்தவர் அவர். வரைவதற்கு உட்கார வந்தபோது, மரமோ நிழலோ இல்லாத திறந்த தோட்டத்து நடைபாதையை ராணியே தேர்ந்தெடுத்தார் என்று ஹில்லியார்ட் எழுதி வைத்திருக்கிறார். 1596இல் ராணியின் ஆலோசனைக் குழு, அழகில்லாமல் வரைந்த ராணி படங்களை அழிக்கச் சொல்லி உத்தரவே போட்டது. ஆக, நாம் எலிசபெத் முகம் என்று நினைத்துக்கொண்டிருப்பது யோசித்து வடிவமைத்த ஒரு முகம். அதன் முதல் விதி நிழலை எடுப்பது.

கட்டின பணம் எனக்கு அந்த இடத்திலேயே வசூலாகிவிட்டது. எங்கள் வேலையில் பாதி, நிழல் போடுவதுதான். நெற்றியைச் சின்னதாக்க, மூக்கைக் கூர்மையாக்க, தாடையை ஒடுக்க என்று பழுப்பு கான்டூரைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்போம். கான்டூரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாலே பாதி தூரம் போய்விடலாம் என்று 11 வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. நிழலை எடுப்பதற்கு எந்தத் தோலும் வெள்ளையாக இருக்கத் தேவையில்லையே!

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் இன்னொரு படத்தின் அச்சைக் காட்டினார். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கும் டார்ன்லி ஓவியம், 1575 வாக்கில் வரைந்தது. அதில் ராணியின் முகம் வெளிறிப் போயிருக்கும். வரைந்தபோது அப்படி இல்லையாம். கன்னத்தில் இருந்த சிவப்புச் சாயம் 400 வருடத்தில் மங்கிப்போய்விட்டது என்று கேலரியின் ஆய்வில் தெரிந்தது. ரோஜா நிறக் கன்னத்தோடு இருந்தவரை நாம் சுண்ணாம்புச் சுவராகப் பார்த்துப் பழகிவிட்டோம். மேக்கப்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. சிவப்பைத் தைரியமாகப் போட அனுமதி கிடைத்த மாதிரி.

அந்தக் காலத்துப் பொருட்கள் பற்றிய பகுதி 20 நிமிடம்தான். காரீயத்தை வினிகர் ஆவியில் அரிக்கவிட்டு எடுக்கும் வெள்ளைத் தூள், கன்னத்துக்கு வெர்மிலியன், கொச்சினீல் பூச்சியின் சிவப்பு, மேலே மெருகுக்கு முட்டையின் வெள்ளைக்கரு. கேட்கும்போது எனக்கு நம் சொற்கள்தான் ஓடின. மேக்கப்புக்கு நாம் சொல்லும் அரிதாரம், ஆர்சனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். வெர்மிலியன் என்பது நம் சாதிலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. எந்த ஊராக இருந்தாலும் அழகுக்காக விஷத்தைத் தோலில் தேய்த்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த நிறங்களுக்கும் மெருகுக்கும் இரும்பு ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு, மைக்கா என்ற மினுமினுப்புக் கனிமம் போன்றவை இருக்கின்றன. கொச்சினீல் மட்டும் கார்மைன் என்ற பெயரில் இன்னும் லிப்ஸ்டிக்கில் இருக்கிறது. பூச்சி வேண்டாம் என்பவர்கள் டப்பாவில் 75470 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கொடுத்த கையேட்டில், ராணி காரீய விஷத்தால் இறந்தார் என்று உறுதியாகப் போட்டிருந்தது. அதற்கு ஆதாரம் கிடையாது. 1603இல் 69 வயதில் இறந்தவர் அவர். காரீய வெள்ளையை அவர் வழக்கமாகப் பூசினார் என்பதற்கே உறுதியான சான்று இல்லை. நான் சொன்னதும் ஆசிரியர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு தன் பிரதியில் அடித்துத் திருத்தினார். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது.

அடுத்து செய்முறை. இங்கேதான் குறை. ஸ்டூடியோவின் பெட்டியில் வெளிர் நிறத்துக்கு 14 ஷேட் இருந்தன, என் நிறத்துக்குப் பக்கத்தில் வருவது 2. அவையும் சிவப்புச் சாயல் கொண்டவை. என் தோலோ மஞ்சள் சாயல். ஜோடியாக வந்த பெண் என் முகத்தின் நடுவில் இரண்டு ஷேட் வெளிரான கிரீமைப் பூசினார். ஐந்து நிமிடத்தில் சாம்பல் பூத்துவிட்டது. அப்படித்தான் ஆகும். வெளிர் கிரீமில் டைட்டானியம் டையாக்ஸைடு என்ற வெள்ளை நிறமி அதிகம். அது கறுப்புத் தோல்மேல் மெல்லிய படலமாக உட்காரும்போது கண்ணுக்கு நீலச் சாம்பலாகத் தெரியும். 165 பவுண்ட் வாங்குகிற இடத்தில், யார் வந்தாலும் அவர்கள் நிறம் பெட்டியில் இருக்க வேண்டும். இதை நான் நேரிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

துடைத்துவிட்டு, என் பையில் இருந்ததை எடுத்தேன். ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்ததுதான் இந்த நாளின் உண்மையான லாபம். முகம் முழுக்க என் நிறமே. கண்ணுக்குக் கீழே, வாயோரம், தாடையோரம் கறுத்திருக்கும் இடங்களில் மட்டும் ஆரஞ்சு கரெக்டர் போட்டுச் சமப்படுத்தினோம். நெற்றியின் மேல்பகுதியிலும் மூக்கின் மேலும் முகவாயிலும் வெள்ளிப் பளபளப்பு இல்லாமல், பொன்னும் பீச்சும் கலந்த மைக்கா கிரீமை விரலால் ஒற்றினோம். முட்டை வெள்ளைக்கருவின் மெருகுக்குப் பதில் கிளிசரின் உள்ள ஸ்பிரே, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் காயவிட்டு. கண்ணாடியில் பார்த்தால் என் முகம், என் நிறம், ஆனால் நிழலைக் காணோம். உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நெற்றி வேலையும் இதே போலத்தான். அந்தக் காலத்தில் நெற்றி உயரமாகத் தெரிய முன்முடியைப் பிடுங்குவார்கள். நாங்கள் முடியை ஜெல் போட்டு இறுக்கிப் பின்னால் வாரி, முடியோரத்துப் பூனைமுடியின்மேல் ஃபவுண்டேஷனைச் சின்ன பிரஷ்ஷால் மெல்ல இழுத்துவிட்டோம். விரல் அகலம் நெற்றி கூடிவிடுகிறது.

புருவத்துக்குத்தான் பொறுமை வேண்டும். துவைத்தால் போகும் பசைக்குச்சியை முடிக்கு எதிராகத் தேய்த்து, மேல்நோக்கிச் சீவி, காயவைத்து, பவுடர் ஒற்றி, இப்படி நான்கு அடுக்கு. நம் புருவம் கறுத்து அடர்ந்தது. அப்படியே ஃபவுண்டேஷன் பூசினால் அடியிலிருந்து நீலம் தட்டும். இடையில் ஆரஞ்சு கரெக்டர் கட்டாயம். எனக்கு 35 நிமிடம் ஆனது. முழுப் புருவத்தையும் மறைக்காமல், வாலை மட்டும் மறைத்து, அதற்கு மேலே மெல்லிய வில்லாக ஒரு கோடு போட்டபோது இன்னும் அழகாக இருந்தது. மேடைக்கு நான் எடுத்துக்கொள்ளப் போவது அதைத்தான்.

உதட்டில் மட்டும் ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லை. ஓவியங்களில் வாய் சின்னது என்பதால் உதட்டோரத்தை ஃபவுண்டேஷனால் மறைக்கச் சொன்னார். எங்கள் தடித்த உதட்டை மறைக்க நான் தயாராக இல்லை. கறுஞ்சிவப்புச் சாயத்தை நடு உதட்டில் வைத்து, ஓரத்துக்குப் போகப் போக விரலால் கரைத்தேன். பார்வை தானாக நடுவுக்குப் போகிறது, உதடும் உதடாகவே இருக்கிறது. அதே சிவப்பைக் கன்னத்தில் வட்டமாக, கன்ன எலும்புக்குக் கீழே இறக்கி வைத்தேன். பால் கலந்த ரோஸ் நிறங்கள் கறுப்புத் தோலில் மாவு மாதிரி நிற்கும். வெள்ளை கலக்காத செங்கல் சிவப்பும் ரத்தச் சிவப்பும்தான் எடுபடும்.

கண்ணில் எதுவும் கிடையாது. மையும் மஸ்காராவும் இல்லை, இமைமேல் லேசாகப் பளபளப்பு தரும் கிளாஸ், அவ்வளவுதான். கண்மை இல்லாத என் முகத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் பழக வேண்டியிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது நீல நரம்பு. தோல் கண்ணாடி போல மெல்லியது என்று காட்ட, அன்றைய பெண்கள் பூச்சின்மேல் நீலத்தில் நரம்பு வரைந்துகொண்டார்கள். ஆசிரியர் அதை இன்றைய ஐலைனராக மாற்றுகிறார்: நெற்றிப்பொட்டில் தொடங்கிக் கண்ணின் வெளியோரம் வரை, மயிரிழை அளவு, ஒரே ஒரு கோடு. வெளிர் தோலுக்கு அவர் வைத்த வெளிர் நீலம் எனக்கு ஒட்டவில்லை. அவுரி நீலத்தில் கொஞ்சம் கத்தரிப்பூ நிறம் கலந்து போட்டதும் பளிச்சென்று எழுந்து நின்றது.

கடைசி அரை மணியில் விளக்குகளை அணைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்தக் காலத்து மாலைகள் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தன. மஞ்சள் வெளிச்சத்தில் 6 முகங்களும் ஓவியம் மாதிரி இருந்தன. அப்புறம் போன் ஃபிளாஷில் படம் எடுத்துக் காட்டினார். பவுடர் அதிகம் போட்ட இரண்டு பேருக்கு நெற்றி வெள்ளையாக எகிறியது. இரண்டு வெளிச்சத்திலும் பார்த்துவிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்று அவர் சொன்னதை இனி கல்யாண வேலையிலும் கடைப்பிடிப்பேன்.

தலையலங்காரத்துக்கு நேரம் போதவில்லை, 15 நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். மதியத்துக்கு சாண்ட்விச் தந்தார்கள், பரவாயில்லை. ஒட்டுப் பசை சோதனைக்கு முதல் நாளே காதின் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது நல்ல பழக்கம்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் அக்கா மகளுக்கே போட்டுப் பார்த்தேன். ஒரு மணி 50 நிமிடம் ஆனது. வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் கட்டியதும், அந்தத் துணி கீழிருந்து வெளிச்சத்தை மேலே அடித்துத் தாடைக்கடியில் இருந்த கடைசி நிழலையும் எடுத்துவிட்டது. கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சித்தி, அந்த நீலக் கோட்டை வலப்பக்கம் மாத்திடலாமா? நடந்து வரும்போது அந்தப் பக்கம்தான் எல்லாரும் உட்கார்ந்திருப்பாங்க" என்றாள். துடைத்துவிட்டு வலப்பக்கம் வரைந்தேன்.