ஹெர்னியா பெல்ட்: அப்பாவுக்குச் சரி, அம்மாவுக்குக் கட்டியிருக்கவே கூடாது
★★★☆☆

எட்டு மாதமாக வீட்டில் புழங்கும் பொருள். வாங்கியது அப்பாவுக்கு. வயது 82, வலது பக்கம் குடலிறக்கம். இதய வைத்தியம் நடப்பதால் ஆபரேஷனைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை பெல்ட் போடலாம் என்றது டாக்டர்தான். படுத்தபடியே வீக்கத்தை உள்ளே தள்ளிவிட்டு இறுக்கினால் நாள் முழுக்க நகராது. திண்டு மெத்தென்று இருக்கிறது. தொடைப் பட்டைதான் வேட்டிக்குள் சுருண்டுகொள்கிறது. வெல்க்ரோ நாலு துவையலிலேயே பிடிப்பு விட்டது. வேர்வைக்கு உள்ளே பழைய பனியன் துணி வைத்துச் சமாளிக்கிறோம்.

இரண்டு நட்சத்திரம் குறைத்தது இதற்காக இல்லை.

டப்பாவில் 'ஆண், பெண் இருவருக்கும்' என்று போட்டிருக்கிறது. அதை நம்பி அம்மா, 78, அப்பாவின் மாற்றுப் பெல்ட்டை எங்களிடம் சொல்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறாள். கவட்டை மடிப்புக்குக் கீழே நெல்லிக்காய் அளவு கட்டி. நெறி கட்டியிருக்கிறது என்று முதலில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டிருக்கிறாள். அடங்காததால் பெல்ட். மூன்றாம் நாள் வாந்தி. வயிறு ஊதவில்லை, வெளிக்கும் போனது. நானும் மொச்சைக் குழம்பின் மேல் பழியைப் போட்டு ஓமத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு நாள் வீண்.

டாக்டர் தொட்டுப் பார்த்ததும் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். அது தொடைக் குடலிறக்கம். வயதான, மெலிந்த பெண்களிடம் அதிகம் பார்ப்பாராம். குடல் பிதுங்கி வரும் வாசல் குறுகல், சிக்கினால் லேசில் விடாது. பெல்ட் அதைத் தடுக்காது, சிக்கியதை இன்னும் நசுக்கும். அம்மாவுக்குக் குடல் சிக்கியிருந்தது ரிக்டர் என்கிற வகையில்: குடலின் முழுச் சுற்றும் இல்லை, ஒரு பக்கச் சுவர் மட்டும். "சைக்கிள் ட்யூபோட ஒரு ஓரத்தை மட்டும் கிளிப் கவ்வினா, மீதி வழியா காத்து போகும்ல?" என்றார். வெளிக்குப் போகிறதே என்று நாங்கள் ஏமாந்தது இதனால்தான். கவ்விய இடத்துக்கு ரத்தம் போகாமல் கறுத்திருந்தது. ஒரு சாண் குடலை வெட்டி இணைத்தார்கள். இன்னும் விட்டிருந்தால் கவட்டையிலேயே ஓட்டை விழுந்து மலம் கசிந்திருக்கலாம் என்றார். அம்மா இப்போது நடமாடுகிறாள்.

டப்பாவோடு வந்த தாளில் துவைப்பது பற்றி நாலு வரி இருக்கிறது. 'உள்ளே போகாத கட்டி மேல் கட்டாதீர்கள்' என்று ஒரு வரி இல்லை.

அளவு கேட்பவர்களுக்கு: அப்பாவின் இடுப்பு 36, எல் சைஸ் சரியாக இருக்கிறது.