கொத்து ரோஸ் வச்சு ஆறு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

இல்ஃபோர்ட்ல எங்க வீட்டுப் பின்னாடி இருக்கிறத தோட்டம்னு சொல்ல எனக்கே கூச்சமா இருக்கும், நாலு கட்டில் போட்டா நிறைஞ்சிடும், மண்ணு வேற சுத்த லண்டன் களிமண், மழைக்கு சேறு வெயிலுக்கு செங்கல். பெரிய பூ பூக்குற ரோஸ் ரெண்டு தடவை வச்சு ரெண்டு தடவையும் கரும்புள்ளி விழுந்து இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியா நின்னுச்சு. ஊர்ல பட்டன் ரோஸ் பாத்து வளந்தவ தானே, கொத்துப் பூவே வச்சுப் பாப்போம்னு 2019 நவம்பர்ல மூணு பழைய ரகம் வாங்கினேன். மண்ணில்லாம வெறும் வேரோட வருமே, அந்த பேர் ரூட் செடி தான், விலை கம்மி.

இந்த வகைக்கு பாலியாந்தான்னு பேரு. கொத்தா பூக்குறது மல்டிஃப்ளோரா ரோஸோட குணம், விட்டு விட்டு திரும்ப பூக்குறது சைனா ரோஸோட குணம், பிரான்ஸ்ல லியோன் பக்கம் 1870கள்ல ஆரம்பிச்ச சமாச்சாரம்.

மூணுல நம்பர் ஒன் த ஃபேரி தான். 1932ல வந்தது, அதுவும் எங்கேன்னா இங்கேர்ந்து பஸ் தூரத்துல இருக்குற ஹேவரிங் கிராமத்துல! பெம்பர்டன்னு ஒரு பாதிரியார் அங்க ரோஸ் உண்டாக்கிட்டு இருந்தாரு, அவர் 1926ல போனப்புறம் அவர்கிட்ட வேலை பாத்த பென்டால் குடும்பம் கொண்டுவந்தது இது. முழங்காலுக்கு கொஞ்சம் மேல, பக்கவாட்டுல தான் பரவும். மத்ததெல்லாம் ஒரு சுத்து முடிச்சப்புறம் ஜூன் கடைசில மெதுவா ஆரம்பிக்கும், ஆனா ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் நிக்காது. 2022 ஜூலைல நாடே 40 டிகிரில வெந்துச்சே, அப்பவும் பூ வெளுத்துச்சே தவிர செடி அசரல. குறை என்னன்னா வாசனை சுத்தமா கிடையாது, முள்ளு பயங்கரம், காஞ்ச கொத்து பழுப்பா அப்படியே தொங்கும், நாம தான் கத்தரிக்கணும்.

பெர்ல் டோர் பத்தி பெருசா சொல்ல இல்ல. பாதாமி கலரு, நல்ல வாசனை, முதல் ரெண்டு வருஷம் வளரவே இல்ல, மூணாவது வருஷம் தான் செடின்னு ஆச்சு. அம்மா வந்தப்போ சாமி படத்துக்கு பறிச்சது இதுல தான்.

இப்ப என் வயித்தெரிச்சல், செசில் ப்ரூனர். 1881 ரகம், மொட்டு சுண்டு விரல் நுனி அளவு தான் இருக்கும், ஆனா பெரிய ரோஸை அப்படியே சுருக்கி வச்ச மாதிரி சுருள் சுருளா, அவ்வளவு அழகு. மூணடி புதர்னு நம்பி வாங்கினேன். முதல் வருஷம் ஒத்தப் பூ இல்ல, நீள நீளமா கொம்பு மட்டும் போச்சு. சரி அடங்கலன்னு பிப்ரவரில ஒட்ட வெட்டினேன், அடுத்த வருஷமும் பூ இல்ல, கொம்பு இன்னும் நீளம். அப்புறம் தான் தெரிஞ்சுது இது கொடி! 1894ல கலிஃபோர்னியால புதர் செடில ஒரு கிளை தானா கொடியா மாறி அதுவும் கிட்டத்தட்ட அதே பேர்ல தான் விக்குது. கொடி போன வருஷக் கொம்புல தான் பூக்கும், அதைத்தான் நான் மெனக்கெட்டு வருஷாவருஷம் வெட்டி எறிஞ்சிருக்கேன். கடைக்கு மெயில் போட்டா லேபிள் சரியாத்தான் இருக்குன்னு ஒத்த வரி பதில்.

பேர் குழப்பம் இதோட முடியல. ப்ளூம்ஃபீல்ட் அபண்டன்ஸ்னு ஆறடிக்கு மேல போற ஒண்ணு, அதையும் செசில்னு குடுத்துடுறாங்க, பூ ரெண்டும் ஒண்ணு போல தான் இருக்கும். கண்டுபிடிக்க மொட்டோட அடிய பாருங்க. பள்ளிக்கூடத்துல புல்லி இதழ்னு படிச்சோமே, அந்தப் பச்சை இதழ் குட்டி இலை மாதிரி நீண்டு மொட்டைத் தாண்டி எட்டிப் பாத்தா அது ப்ளூம்ஃபீல்ட், குட்டையா மடங்கி இருந்தா செசில்.

அந்தக் கொடிய இப்ப வெட்டுறதில்ல, வேலில படுக்க வச்சு கட்டியாச்சு, பதினஞ்சு அடி தாண்டிடுச்சு. புடுங்கிடலாம்னா வீட்டுக்காரர் விட மாட்டேங்குறாரு, மே கடைசில ரெண்டு வாரம் வேலியே தெரியாம ரோஸ் கலர்ல நிக்கும், அதுக்காக. போன நவம்பர்ல வேற கடைல புதர்னு ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணி இன்னொரு செசில் வாங்கினேன். இந்த ஜூன்ல முதல் மொட்டு வந்தப்போ பூவையே பாக்கல, கண்ணாடி போட்டுட்டு குனிஞ்சு அடிய தான் பாத்தேன். குட்டை தான்.